பட்டமும் இயந்திர மனிதனும்

தைப்பொங்கற் பிற்பகலில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நிகழும் பட்டப் போட்டியை அறியாதார் யாழ்ப்பாணத்திற் சிலரே. மூங்கில் சீவி, முச்சை கட்டி, விண் பூட்டி ஏற்றிய பட்டம் தலைகுத்துமாயின், இறக்கித் திருத்தி மீண்டும் ஏற்றுவர். ஆக்குதலும் சோதித்தலும் அங்கே ஒரே தொழில்.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தனர் அமெரிக்கர். டீன் கேமன் 1989 இல் நிறுவிய 'ஃபேர்ஸ்ற்' அமைப்பு, 1992 இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 28 மாணவர் குழுக்களைக் கொண்டு இயந்திர மனிதப் போட்டியைத் தொடங்கிற்று. (எம்மூர் அன்னபூரணிக் கப்பல் 1938 இல் அடைந்த குளோஸ்டர் துறைமுகம் அம்மாநிலத்துக்கு அணித்தே உள்ளது.) ஆறு வாரத்துள் பொறியை ஆக்கிமுடித்தல் வேண்டும். பின்னர் அதனைப் பெட்டியிலிட்டு அனுப்பினர். பிற்காலத்திற் பையிலிட்டு முத்திரையிட்டனர்.

இவ்வெல்லை மாணவரை மிகையுழைப்பினின்றுங் காக்கும் என்றனர் அதனை ஆதரித்தோர். நடந்ததோ வேறு. பொருள்வளமுடைய குழுக்கள் இரண்டாம் பொறியொன்றையும் ஆக்கி, முதலாவது பைக்குள் உறங்க, அதனைக்கொண்டு பயின்றன. வறிய குழுவுக்கோ இருந்தது ஒன்றே. அதுவும் கைக்கெட்டாது கிடந்தது. சமன்செய்ய வகுத்த விதி சமனின்மையை வளர்த்தது. எனவே 2020 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து முத்திரையிடும் விதி நீக்கப்பட்டது.

தேர்வை எதிர்நோக்கும் மாணவரின் இராப்பொழுதுகளை இந்நீட்சி விழுங்குமென்னும் அச்சம் பொய்யன்று. எனினும் அதற்குப் பரிகாரம் பட்டறையை இரவில் அடைப்பதேயாம். பொறியைப் பையில் அடைப்பதன்று. பழுதுகண்ட பொறியை மறுநாள் திருத்தும் வாய்ப்பு, ஒரேயொரு பட்டமுடைய சிறுவனுக்கு எம் கடற்கரையில் என்றும் மறுக்கப்பட்டதில்லை.