வண்டலுக்குக் கீழே – 12: கற்பதுக்கைக்குள் நெல்

தஞ்சை நஞ்சையில் கிணறு தோண்டினால் வண்டலும் மணலும்தான் வரும், பாறை தட்டுப்படாது. ராஜராஜனின் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால்தானோ என்னவோ, பெருங்கற்கால நினைவுச் சின்னங்கள் என்று பேச்செடுத்தால் காவிரிப் படுகையை விட்டுவிட்டுக் கொங்குக்கோ பாண்டி நாட்டுக்கோ போய்விடுகிறோம். இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் வயல்கள் குறைந்து செம்மண் மேடு தொடங்கிவிடும். சித்தன்னவாசல் குன்றைச் சுற்றிலும் கல்வட்டங்கள் இருக்கின்றன. இத்தகைய வட்டத்தின் நடுவே, மண்ணுக்கடியில் கற்பதுக்கை: நான்கு புறமும் பலகைக் கற்கள், மேலே கனத்த மூடுகல், பல இடங்களில் ஒரு பலகையில் வட்டமான இடுதுளை. எலும்புகளோடு கருப்பு-சிவப்புப் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் உள்ளே வைத்தார்கள். கல் கிடைக்காத ஆற்றங்கரையிலும் அதே பானைதான். கற்பதுக்கைக்குப் பதில் முதுமக்கள் தாழி.

தாழிக்காரர்கள் வேறு, கல்வட்டக்காரர்கள் வேறு என்று பிரிக்க அவசரப்பட வேண்டாம். 1946-இல் கே.ஆர். சீனிவாசன் இரண்டையும் தமிழ் இலக்கியத்தோடு சேர்த்து வைத்து ஆராய்ந்தார். மணிமேகலை வருணிக்கும் புகார்ச் சுடுகாட்டில் எரிப்பவர், வெறுமனே இட்டுப் போகிறவர், குழியில் புதைப்பவர், தாழ்ந்த அறையில் அடைப்பவர், தாழியால் கவிப்பவர் என்று ஐந்து வகையினரும் ஒரே இடத்தில் வருகிறார்கள். அந்தப் புகார் நம் காவிரியின் கடைமுகம்.

நொய்யல் கரைக் கொடுமணலின் கல்லறைகளை 1985 முதல் அகழ்ந்ததும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம்தான். அங்கே பணியாற்றிய கா. ராஜன், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 2009, 2010 ஆண்டுகளில் பழனியை அடுத்த பொருந்தலில் அகழ்ந்தார். ஒரு கற்பதுக்கையில் நான்கு கால் வைத்த ஜாடி கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல்! கரிமக் காலக்கணிப்பு காட்டிய காலம் கி.மு. 490. தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் உடன் இருந்தது. எழுத்தின் வயதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கோ அந்த நெல்தான் பெரிது. இறந்தவருக்குத் துணையாக உமியோடு கூடிய நெல்லை வைத்தவர்கள், உழவை ஆழமாக நேசித்தவர்கள் என்றே நம்புகிறேன்.

டெல்டாவுக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. 2006-இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் கன்று நடக் குழி தோண்டியபோது, வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரி கிடைத்தது. அதில் இருப்பவை சிந்துவெளிக் குறிகள் என்றார் ஐராவதம் மகாதேவன், ஏற்காதவர்களும் உண்டு. குறிகள் எப்படியோ போகட்டும், பாறையே இல்லாத மண்ணுக்கு அந்தக் கல் மேட்டு நிலத்திலிருந்து வந்தாக வேண்டும். பின்னர் அதே ஊரில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது தாழிகளும் வெளிப்பட்டன.

குளம் தூர்வாரும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதோ தடித்த தாழி விளிம்பு தென்பட்டால் உடனே பொக்லைனை நிறுத்தச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தகவல் போகட்டும். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். நெல்மணிகள் அதில்தான் இருக்கும்.