சனிக்கிழமை காலை 11 மணி ஆட்டம்

2022-23 ஐ.எஸ்.எல். சீசனில் எங்க ஊர் ஜாம்ஷெட்பூர் அணி ஆடிய ஆட்டத்தைப் பத்திப் பேசினால் நானே அழுதுவிடுவேன். பதினோரு அணியில் பத்தாவது இடம். அதற்கு முந்தைய சீசனில்தான் லீக் ஷீல்டு வாங்கியிருந்தார்கள் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல். அதனால் அதைப் பற்றி எழுதப்போவதில்லை :-)

அந்த சீசனில் ஒருநாள் பையனைக் கூட்டிக்கொண்டு ஜே.ஆர்.டி. டாடா ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன் (ரசிகர்கள் வைத்த பேர் ஃபர்னஸ். ஸ்டீல் ஊர் இல்லையா). சிவப்புச் சட்டையில் ஆறேகால் அடி உயரத்தில் ஒரு ஆள். ஓட்டம் குறைவு, ஆனால் இடது காலில் பந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு தொடுகை. ஜே இமானுவேல்-தாமஸ். "யாருப்பா இவரு?" என்றான் பையன். "2009-ல இங்கிலாந்துலயே பெஸ்ட் பசங்க டீமுக்கு இவர்தான்டா கேப்டன்" என்றேன். அவன் நம்பவில்லை. "அப்ப ஏன் இங்க வந்தாரு?"

அந்தக் கேள்விக்கு ஸ்டேடியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஒரு லீக்கின் கதையையே சொல்லவேண்டும். அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். இங்கிலாந்தில் பையன்களைக் கால்பந்துக்குத் தயார் பண்ணுவது ரொம்ப காலம் குருகுல முறை மாதிரிதான் இருந்தது. பதினாறு வயதில் பள்ளியை விட்டு கிளப்பில் சேருவான். காலையில் பயிற்சி, மதியம் பெரியவர்களின் பூட்ஸைத் துடைப்பது, டிரெஸ்ஸிங் ரூமைக் கழுவுவது. வட்டாரத்துக்கு ஒரு லீக் உண்டு. லண்டன் பக்கத்துக் கிளப்புகளுக்கு 1954-லிருந்து சவுத் ஈஸ்ட் கவுன்டீஸ் லீக். நாடு முழுக்க ஆடுவதற்கு எஃப்.ஏ. யூத் கப். அது தொடங்கிய 1952-53 முதல் தொடர்ந்து ஐந்து வருடம் மான்செஸ்டர் யுனைடெட்தான் ஜெயித்தது. இறுதி ஆட்டத்தின் இரண்டு சுற்றையும் சேர்த்து வுல்வ்ஸை 9-3 என்று அடித்துத்தான் முதல் கோப்பையையே வாங்கினார்கள். 1984-ல் லில்லெஷால் என்ற இடத்தில் எஃப்.ஏ. ஒரு உண்டுறைவிடப் பள்ளி ஆரம்பித்தது. நாட்டின் சிறந்த பதினாலு வயதுப் பையன்களைப் பொறுக்கி எடுத்து அங்கே வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

1994 உலகக்கோப்பைக்கு இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. "நம்ம பசங்களுக்கு பந்தைக் கால்ல வெச்சுக்கவே தெரியல" என்ற புலம்பல் எல்லா மட்டத்திலும் எழுந்தது. 1997-ல் ஹோவர்ட் வில்கின்சன் எஃப்.ஏ.வின் டெக்னிகல் டைரக்டர் ஆனார். 1992-ல் லீட்ஸை சாம்பியன் ஆக்கியவர். (அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு ஆங்கிலேய மேனேஜர்கூட இங்கிலாந்தின் முதல் டிவிஷன் பட்டத்தை வென்றதில்லை. நம்பமுடிகிறதா?) அவர் எழுதிய திட்டத்தின் பெயர் 'சார்ட்டர் ஃபார் குவாலிட்டி'. கிளப்புகளே அகாடமி நடத்தட்டும், எட்டு ஒன்பது வயதிலேயே பையன்களைச் சேர்க்கட்டும், ஆனால் உள்ளரங்க மைதானம், படிப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு அதிகாரி, பிசியோ எல்லாம் இருக்கவேண்டும் என்றார்.

இதில் இரண்டு விதிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, பையன் வீட்டிலிருந்து அகாடமி ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் இருக்கவேண்டும். பன்னிரண்டு வயதைத் தாண்டினால் ஒன்றரை மணி நேரம். பிள்ளை ராத்திரி வீட்டில் தூங்கட்டும் என்ற எண்ணம். (கோட்டாவுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற அப்பா அம்மாக்கள் இதை இரண்டுமுறை படிக்கவும்.) இன்னொன்று, பதினாறு வயது வரை மேட்ச் உண்டு, பாயின்ட் டேபிள் கிடையாது. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதே கணக்கில் வராது. தோல்விக்குப் பயந்து பந்தைத் தூக்கி அடிக்கிற பழக்கம் வரக்கூடாது என்பதுதான் காரணம்.

1998-ல் வந்தது எஃப்.ஏ. பிரீமியர் அகாடமி லீக். முதலில் 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு. 2004-05-லிருந்து இரண்டையும் சேர்த்து 18 வயதுக்குட்பட்டோர் என்று ஒன்றாக்கினார்கள். சுமார் நாற்பது அணிகள், வட்டாரவாரியாக நாலு பிரிவு. பிரிவுக்கு ஒரு வெற்றியாளர், நாலு பேருக்கும் அரையிறுதி, பிறகு இறுதி. ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு, பயிற்சி மைதானத்தில். பார்க்க வருவது அப்பா, அம்மா, தாத்தா, நாய், நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நிற்கும் ஒன்றிரண்டு ஸ்கவுட்.

இதில் 2008-09 சீசனைப் பிடித்துக்கொள்வோம். ஆர்சனலின் பையன்களுக்குக் கோச் ஸ்டீவ் போல்ட். ஒரு காலத்தில் ஆர்சனலின் கோட்டைச்சுவரில் ஒரு கல்லாக இருந்தவர். அகாடமிக்கே தலைவர் லியாம் பிரேடி. டீமில் ஜாக் வில்ஷியர், ஹென்றி லான்ஸ்பரி, ஃபிரான்சிஸ் கோக்லன், இமானுவேல் ஃப்ரிம்பாங், லூக் ஐலிங், சான்செஸ் வாட், ஜில் சூனு, கேப்டன் இமானுவேல்-தாமஸ். பிரிவில் முதலிடம், இறுதியில் பக்கத்து ஊர்ப் பங்காளி டாட்டன்ஹாமை வென்று லீக் பட்டம். அதே மே மாதம் யூத் கப் இறுதியில் லிவர்பூலைத் தங்கள் மைதானத்தில் 4-1, பிறகு அவர்கள் மைதானத்திலேயே 2-1. ஒரே சீசனில் இரட்டைப் பட்டம். கேப்டன் யூத் கப்பில் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்திருந்தார். அன்றைக்கு அந்தப் பையன்களின் அப்பா அம்மாக்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

வில்ஷியர்தான் அந்த டீமின் வைரம். 2008 செப்டம்பரிலேயே 16 வயதில் பெரியவர்கள் அணிக்கு லீக் ஆட்டத்தில் ஆடிவிட்டார். ஆர்சனலுக்கு அன்றுவரை அதுதான் மிகக் குறைந்த வயது. 2011-ல் பார்சிலோனாவுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தை நான் ராத்திரி கண்விழித்துப் பார்த்தேன். ஷாவி, இனியெஸ்டாவுக்கு நடுவில் 19 வயதுப் பையன் தன் வீட்டு முற்றம் மாதிரி உலாத்தினான். பிறகு கணுக்கால். அந்த ஒரு கணுக்காலைச் சுற்றியே வருடங்கள் ஓடின. 2022 ஜூலையில், 30 வயதில் ஓய்வு.

ஃப்ரிம்பாங்குக்கு முழங்கால். 2019-ல் 27 வயதிலேயே ஆட்டத்தை விட்டார். கோக்லன் தப்பித்தார். ஆர்சனலில் பல வருடம் ஆடி, ஸ்பெயினுக்குப் போய், 2021-ல் வியாரியல் அணியோடு யூரோப்பா லீக் கோப்பையை வாங்கினார். லான்ஸ்பரி பல கிளப்புகளில் ஆடிவிட்டு புல்தரை பராமரிப்புத் தொழிலில் இறங்கிவிட்டார். இது எனக்கு என்னமோ ரொம்பப் பிடித்தது. வாழ்நாள் முழுக்க புல்லின் மேல் ஓடியவர் கடைசியில் புல்லுக்கே வைத்தியர் ஆகிவிட்டார்.

சான்செஸ் வாட் கதை தனி. 2018-ல் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற சின்ன அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தவறுக்காக ரெஃப்ரி மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு பேரைக் கேட்டார். "வாட்." மறுபடி கேட்டார். "வாட்." திமிராகப் பதில் சொல்கிறான் என்று நினைத்த ரெஃப்ரி வெளியே அனுப்பிவிட்டார்! பிறகு விஷயம் தெரிந்து சிவப்பு அட்டையை ரத்து செய்தார்கள். தங்கமணியிடம் சொன்னேன், பத்து நிமிஷம் சிரித்தாள். அப்புறம், "அந்தப் பையன் ஆர்சனல்ல இருந்திருந்தா பேரைக் கேட்டிருக்க மாட்டாங்க, இல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஐலிங்தான் என் ஆள். ஆர்சனல் பெரியவர்கள் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2010-ல் விடுவிக்கப்பட்டார். யோவில், பிரிஸ்டல் சிட்டி என்று கீழ் டிவிஷன்களில் ஆடி, 2016-ல் லீட்ஸுக்கு வந்தார். 2020-ல் பதினாறு வருடம் கழித்து லீட்ஸ் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியபோது அந்த அணியில் ஐலிங் இருந்தார். முதல் ஆட்டம் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில். 2009-ல் கோப்பை வாங்கிய அதே மைதானத்துக்கு 29 வயதில் பிரீமியர் லீக் ஆட்டக்காரராகப் போய் நின்றார்.

கேப்டன்? ஆர்சனலுக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள். 2011-ல் இப்ஸ்விச், பிறகு பிரிஸ்டல் சிட்டி, குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், தாய்லாந்து, ஸ்காட்லாந்து, கடைசியில் எங்க ஊர். இங்கிருந்து போனபிறகு வந்த செய்தி நல்லதாக இல்லை. 2024 செப்டம்பரில் கஞ்சா கடத்தல் வழக்கில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 ஜூனில் நாலு வருடச் சிறை. பையனிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டான்.

இந்தக் கதையில் இல்லாத ஒருவரையும் சொல்லியாகவேண்டும். ஹாரி கேன் சின்ன வயதில் ஒரு சீசன் ஆர்சனல் அகாடமியில் இருந்தார். ஒன்பது வயதைத் தாண்டும் முன்பே அனுப்பிவிட்டார்கள். 2009-ல் இரட்டைப் பட்டம் வென்ற இடத்தில் அவருக்கு இடமில்லை. டாட்டன்ஹாம் வளர்த்தது. 2023-ல் இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார். எட்டு வயதுக் குழந்தையைப் பார்த்து 'இவன் தேறமாட்டான்' என்று முடிவு செய்ய ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

அகாடமி லீக் 2011-12-வோடு முடிந்தது. பிறகு வந்தது ஈ.பி.பி.பி. என்ற புதுத் திட்டம். அகாடமிகளுக்கு ஒன்று முதல் நாலு வரை தரவரிசை. முதல் தர அகாடமிக்கு எனக்குப் பிடித்த அந்தப் பயண நேர விதியைத் தளர்த்திவிட்டார்கள். சின்ன கிளப்பிலிருந்து பையனை எடுத்துக்கொண்டால் பேரம் கிடையாது, நிர்ணயித்த விலைதான். 9 முதல் 11 வயதுவரை வளர்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000 பவுண்டு. பன்னிரண்டுக்கு மேல், முதல் தர அகாடமி என்றால், வருடத்துக்கு 40,000. ஏற்காவிட்டால் பிரீமியர் லீக் தரும் நிதி நின்றுவிடும் என்ற நிலையில், 2011 அக்டோபரில் கீழ் டிவிஷன் கிளப்புகள் 46-22 என்ற ஓட்டில் தலையாட்டின. பையனை வளர்த்து இந்த விலைக்குப் பெரிய கிளப்புகளுக்குக் கொடுக்கவா என்று 2016-ல் பிரென்ட்ஃபோர்ட் தன் அகாடமியையே மூடிவிட்டது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் திட்டம் பலிக்கவில்லை என்று சொல்லமுடியாது, என் கண்ணாலேயே பார்த்தேன். 2017 அக்டோபர் 28, கொல்கத்தா சால்ட் லேக், 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை இறுதி. ஆபீசில் லீவு சொல்லிவிட்டு டாடாநகரிலிருந்து ரயில் ஏறினேன். 66,000 பேருக்கு மேல் கூட்டம். ஸ்பெயின் இரண்டு கோல் முன்னிலை. அப்புறம் இங்கிலாந்துப் பையன்கள் ஐந்து அடித்தார்கள், 5-2. ஃபில் ஃபோடன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஸ்பெயின் பையன்களைச் சுற்றவைத்ததைப் பார்த்தபோது வில்கின்சன்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

வில்ஷியர் ஓய்வு பெற்றதுமே 2022-ல் ஆர்சனல் 18 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச் ஆனார். முன்பு போல்ட் நின்ற அதே இடத்தில். அடுத்த வருடமே யூத் கப் இறுதி, சொந்த மைதானம். வெஸ்ட் ஹாமிடம் 1-5 என்று உதை. தோற்ற அந்த அணியில் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி, ஈதன் வானேரி என்று இரண்டு பையன்கள். வானேரி அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில், 15 வயதில் இறங்கி வில்ஷியரின் குறைந்த வயது சாதனையை முறியடித்திருந்தான். லூயிஸ்-ஸ்கெல்லி 2025 மார்ச்சில் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தான்.

லில்லெஷால் பள்ளி பற்றி எழுத நிறைய இருக்கிறது. 1999-ல் ஏன் மூடினார்கள், அங்கே படித்த மைக்கேல் ஓவன் கதை என்ன என்பதெல்லாம் இன்னொரு நாள். பையனுக்குக் காலையில் கோச்சிங், அஞ்சரைக்கு எழுப்பவேண்டும்.