தரைச் சுழற்சி: மாணவனின் பிழையா, சக்கரத்தின் பிழையா?

பறக்கக் கற்கும் மாணவனுக்கு வானத்தைவிடத் தரையே அஞ்சத்தக்கது. சக்கரங்கள் மண்ணைத் தொட்டதும், "இனி இடரில்லை" என்று அவன் மூச்சுவிடுகிறான். அந்நேரத்தில்தான் விமானம் ஒருபுறம் திரும்பத் தொடங்குகிறது. அதைத் தடுக்கக் காலால் சுக்கானை மிதிக்கிறான். முதலில் தாமதமாக மிதிக்கிறான். பிறகு அளவுக்கு மீறி மிதிக்கிறான். மறுகணம் விமானம் சுழன்று, வந்த வழியை நோக்கி நிற்கிறது. இறக்கையின் நுனி மண்ணில் உராய்கிறது. சில வேளை சக்கரத்தின் தாங்கு காலும் முறிகிறது. விமானிகள் 'கிரவுண்ட் லூப்' என்று வழங்கும் இதனைத் தமிழில் தரைச் சுழற்சி எனலாம்.

இது மாணவனின் கவனக்குறைவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வரலாறு கூறுவதோ வேறு.

1908இல் கிளென் கர்ட்டிஸ் ஓட்டிய 'ஜூன் பக்' விமானம் முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக மூன்று சக்கரங்கள் கொண்டது. பின்னர் எந்திரமும் சுழல்விசிறியும் மூக்கிற்கு வந்தன, முன்சக்கரம் மறைந்தது. முன்னே இரு சக்கரங்களும், வாலின் கீழ் ஒரு சறுக்குக் கட்டையும் வழக்காயின. இதனால் எடை குறைந்தது. விசிறி கரடுமுரடான தரையில் மோதாது காக்கப்பட்டது. புல்லில் இழுபடும் கட்டையே தடையாகவும் உதவியது. பரந்த புல்வெளியில் எத்திசையில் காற்று வீசினும் அதனை எதிர்கொண்டு இறங்கவும் முடிந்தது. 1931இல் முதன்முதல் பறந்த 'டைகர் மாத்' பயிற்சி விமானமும் இவ்வகையினதே.

எனினும் இவ்வமைப்பில் ஒரு குறை உறைந்திருந்தது. விமானத்தின் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைகிறது. இழுத்துச் செல்லும் கைவண்டி நேராகப் பின்தொடரும். அதனையே பின்னிருந்து தள்ளினால் கோணிக்கொண்டு ஓடும். அதுபோல, வால் சிறிது விலகினும் பின்னுள்ள பாரம் அவ்விலகலை வளர்க்கிறது. வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலிமையும் குறைகிறது. பக்கக் காற்றோ வாலைத் தள்ளுகிறது. புல்வெளி போய் ஒரே திசையில் நீண்ட கெட்டித் தளங்கள் வந்தபின் இத்தொல்லை மிகுந்தது.

தேர்ந்தவரையும் இது விட்டுவைக்கவில்லை. 1937 மார்ச் 20இல் ஹொனலூலுவில், உலகப் புகழ்பெற்ற அமேலியா இயர்ஹார்ட் தரையைவிட்டு எழுமுன்னரே அவருடைய விமானம் சுழன்று சிதைந்தது. அது இறங்கும் வேளையன்று, எழும் வேளை. ஆயினும் நிகழ்ந்தது இதே சுழற்சிதான்.

இக்காலத்திலேயே அமெரிக்கப் பொறியியலறிஞர் பிரெட் வெய்க், வினாவை மாற்றிக் கேட்டார். மாணவனைத் திருத்துவதோடு விமானத்தையும் திருத்தலாகாதா? 1934இல் தம் நண்பர்களுடன் அவர் அமைத்த சிறு விமானத்தில் முன்சக்கரம் மீண்டது. 1937இல் பறந்த 'எர்கூப்' அதன் வழிவந்தது. பெரிய சக்கரங்கள் ஈர்ப்பு மையத்திற்குப் பின்னால் சென்றன. அதனால் விலகிய விமானம் தானே நேராக முற்பட்டது. 1951இல் பைப்பரின் 'டிரை-பேசர்', 1956இல் செஸ்னாவின் '172' ஆகியவை விற்பனைக்கு வந்து, முன்சக்கரத்தைப் பயிற்சிக் களங்களின் வழக்காக்கின.

இடர் குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. முன்சக்கரத்தை முதலில் ஊன்றி இறங்குவோரும், பக்கக் காற்றில் காலை ஓய்வாக வைப்போரும் இன்றும் வழிவிலகுகின்றனர். விமானம் முற்றிலும் நிற்கும்வரை பறத்தல் முடிவதில்லை என்பது மாணவனுக்குரிய பாடம். பல மாணவர் ஒரே இடத்தில் இடறினால் அவ்விடத்தையும் ஆராய்க என்பது ஆசிரியர்க்குரிய பாடம்.