பொன்னியும் மசூரியும்: ஒரு நெல்லினத்தின் கடல் கடந்த வரலாறு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் இல்லங்களில் பொன்னி அரிசி என்பது தாயகத்து அரிசியாகவே கருதப்பட்டு வருகிறது. பொன்னி என்பது காவிரியின் பழம்பெயராதலின், அப்பெயரைத் தாங்கிய நெல்லும் காவிரிக் கரையில் காலங்காலமாக விளைந்து வந்ததாகவே இருக்கவேண்டும் எனப் பலரும் எண்ணுகின்றனர். மாணவர்க்குப் பாடம் சொல்லும் நாமும் அவ்வாறே எண்ணி வந்தோம். ஆயின் அந்நெல்லின் பெற்றோராகப் பதிவேடுகள் குறிப்பவை இரண்டு. ஒன்று தாய்வான் நாட்டுத் தைச்சுங் 65. மற்றொன்று மலாயாவின் மாயாங் எபோஸ் 80. இவ்விரண்டில் ஒன்றேனும் காவிரி நாட்டைச் சார்ந்ததன்று. மலாயா வயலில் உருப்பெற்ற நெல், காவிரியின் பெயரைப் பெற்று மீண்டும் நம் கடைத்தெருவுக்கே வந்து சேர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப் போர் ஆசியாவின் அரிசி வணிகத்தை முறித்துப் போட்டது. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றது. 1943இல் வங்காளம் பெரும்பஞ்சத்தில் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக்கால மலாயாவில் மரவள்ளிக்கிழங்கே பலருக்கும் உணவாயிற்று. நம் முதியோர் பலர் அந்நாள்களைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். போர் முடிந்தபின் ஒரு நாடு தனித்து நின்று இச்சிக்கலைத் தீர்த்தல் இயலாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அனைத்துலக நெல் ஆணையத்தை அமைத்தது. அதன் வழியாக 1950களின் தொடக்கத்தில் தோன்றியதே இண்டிகா - ஜப்பானிகா கலப்புத் திட்டமாகும். இந்தியாவில் 1946இல் நிறுவப்பட்ட கட்டாக் நடுவண் நெல் ஆராய்ச்சி நிலையம் அதன் மையமாயிற்று. அந்நிலையத்தின் முதல் இயக்குநர் கி. இராமையா, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றியவர்.

இராமையாவின் இப்பின்புலத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். சென்னை மாநிலத்தில் முறையான நெல் ஆராய்ச்சி 1910களிலேயே கோயம்புத்தூரில் தொடங்கிவிட்டது. அங்குக் கோணமணி என்னும் நாட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1921இல் வெளியிடப்பட்ட ஜி.இ.பி. 24, மெல்லிய அரிசிக்காகப் பெயர் பெற்றது. மக்கள் அதனைக் கிச்சிலிச் சம்பா என்றழைத்தனர். ‘அரசுப் பொருளியல் தாவரவியலாளர்’ என்னும் பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே அந்நெல்லுக்குப் பெயராயின. உழவர் வழங்கிய பெயர் அதனினும் அழகியது என்பதில் ஐயமில்லை.

திட்டத்தின் உள்ளீடு எளிதில் விளங்கக்கூடியது. ஜப்பானிகா நெல் உரத்தை ஏற்று மிகுதியாக விளையும். வெப்ப நாடுகளின் இண்டிகா நெல்லுக்கு அதே உரத்தை இட்டால் தாள் நெடிதாக வளர்ந்து, கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். ஒன்றன் உரமேற்கும் இயல்பை மற்றொன்றன் தாங்குதிறனோடும் சுவையோடும் இணைத்தல் வேண்டும் என்பதே விருப்பம். நெல் தன் பூவிலேயே மகரந்தச் சேர்க்கை பெறும் பயிர். ஆகவே கலப்புச் செய்பவர் ஒவ்வொரு பூவின் உமியையும் நுனியில் நறுக்கி, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் நீக்கி, மற்றோர் இனத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் விளைந்தவை பெரும்பாலும் பதர்களே. இவ்விரு பிரிவுகளின் கலப்பில் பிறக்கும் பயிர் மலட்டுத்தன்மை மிக்கது என்பதனை ஜப்பானிய அறிஞர் கட்டோ 1928இலேயே சுட்டியிருந்தார்.

எழுநூற்றுக்கும் மேற்பட்ட கலப்புகள் செய்யப்பட்டன. அவற்றின் விதைகள் பங்கேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. இறுதியில் பயிரிடத் தக்கனவாகத் தேறியவை நான்கே: மலாயாவில் மாலிஞ்சா, மசூரி, தமிழ்நாட்டில் ஆடுதுறை 27, ஆஸ்திரேலியாவில் சிர்க்னா. இவ்வெண்ணிக்கையைக் கொண்டே இத்திட்டம் தோல்வியுற்றது எனப் பலரும் எழுதிச் சென்றனர். பசுமைப் புரட்சியின் வரலாறு 1966இல் பிலிப்பைன்சில் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 8இலிருந்தே தொடங்குவதாகச் சொல்லும் வழக்கமும் அதனால் ஏற்பட்டது. இம்முடிவு மறு ஆய்வுக்குரியது என்பது நம் கருத்து.

ஆடுதுறை 27, நோரின் 10 என்னும் ஜப்பானிய நெல்லும் மேற்சொன்ன ஜி.இ.பி. 24உம் கலந்து பிறந்தது. 1960களின் நடுவில் தஞ்சையின் குறுவைப் பருவத்தில் விரைவாகப் பரவியது. இங்கு ஒரு குழப்பத்தை நீக்குதல் நன்று. போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமைக்கு மூலமானதும் நோரின் 10 என்றே அழைக்கப்படுகிறது. அது கோதுமை, இது நெல். ஜப்பானிய வேளாண் அமைச்சைக் குறிக்கும் பொதுப் பெயரே நோரின் என்பதால் இரண்டிற்கும் ஒரே பெயர் வாய்த்தது.

மலாயாவின் நிலை வேறு. அங்கு ஆண்டுக்கு ஒரு போகமே வழக்கம். நாட்டு நெல்வகைகள் பகற்பொழுது குறுகும் பருவத்தில்தான் பூக்கும். ஆதலின் இரண்டாம் போகத்துக்கு அவை உதவா. தைச்சுங் 65இன் பூக்கும் காலத்தைப் பகலின் நீளம் அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த ஜப்பானிய வல்லுநர்கள் கட்டாக்கிலிருந்து வந்த கலப்பின் வழித்தோன்றல்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். 1964இல் மாலிஞ்சாவும் 1965இல் மசூரியும் வெளியிடப்பட்டன. மசூரியின் மரபில் மாயாங் எபோஸ் இருமுறை சேர்க்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. மலாய் நெல்லின் பங்கு கூடியமையே பதரைக் குறைத்துச் சுவையைக் காத்திருக்கும் என நாம் ஊகிக்கிறோம். லங்காவித் தீவில் பழி சுமத்தப்பட்டு உயிரிழந்த மங்கையின் பெயர் மசூரி என்பதனையும், அக்கதையோடு எரிந்த நெல்லின் நினைவிடம் ஒன்று அத்தீவில் இணைத்துப் பேசப்படுவதையும் மலேசிய வாசகர் அறிவர்.

மசூரி 1960களின் இறுதியில் இந்தியாவிற்குள் வந்தது. ஆந்திரத்தில் ஆய்வாளர்கள் அதனைச் சாயும் பயிர் என ஒதுக்கினர். வயலில் வேலை செய்த கூலித் தொழிலாளி ஒருவர் அவ்விதையை எடுத்துச் சென்று பயிரிட்டதாகவும், அங்கிருந்து உழவர் கைமாறி உழவர் கையாக அது பரவியதாகவும் வேளாண் ஆய்வு நூல்கள் கூறுகின்றன. அத்தொழிலாளியின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. கலப்புச் செய்தோர், தெரிந்தெடுத்தோர், ஆணையிட்டோர் ஆகியோரின் பெயர்கள் கோப்புகளில் உள்ளன. பரப்பியவர் பெயர் இல்லை.

பரவிய இடந்தோறும் அது வேறு பெயர் பெற்றது. நேபாளத்தில் மசூலி. கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்காளதேசத்தில் பாஜாம். பாகிஸ்தான், ஜப்பான், மலேசியா ஆகிய மூன்றின் முதலெழுத்துகள் கூடிய பெயர் அது என்பர். தமிழ்நாட்டில் பொன்னி. இம்மூன்றனுள் பொன்னி என்னும் பெயர் ஒன்றே வந்த வழியை முற்றிலும் மறைத்துவிட்டது. சம்பாப் பருவத்திற்கு ஏற்ற 135 நாள் அளவிலான வயதும், ஒட்டாமல் உதிரும் மெல்லிய சோறும் தமிழர் சுவைக்குப் பொருந்தின, பெயரும் பொருந்தியது. 1980களில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அதிலிருந்தே வெள்ளைப் பொன்னியைச் சீர்ப்படுத்தி வழங்கியது.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. இத்தகைய நெல்கள் பரவிய வயல்களில் ஊருக்கொன்றாக இருந்த நாட்டு நெல்கள் அருகின. பொன்னியே மரபு அரிசி எனக் கொள்வோர், அது எவற்றின் இடத்தில் வந்தமர்ந்தது என்பதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மசூரியின் வழித்தோன்றல்களோ பெருகின. 1982இல் ஆந்திரத்தின் மாருட்டேறு நிலையம் வெளியிட்ட சுவர்ணா, வசிட்டாவும் மசூரியும் கலந்தது. 1986இல் பாபட்லாவில் வெளியான பி.பி.டி. 5204 எனும் சம்பா மசூரி, கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24, தாய்வானின் குட்டை நெல், மலாயாவின் மசூரி ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்டது. தமிழ்நாட்டுக் கடைகளில் இதற்கு ஆந்திரப் பொன்னி என்று பெயர். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய அரசு மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரு நெல்வகைகளை அறிவித்தது. அவற்றுள் ஒன்றான கமலா, இச்சம்பா மசூரியிலிருந்தே உருவாக்கப்பட்டது.