ஒரு கூடை ஸ்ட்ராபெரி

ழான் சிமெயோன் ஷார்தேன் வரைந்த ‘காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை’ 1761-ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 38 செ.மீ. உயரம், 46 செ.மீ. அகலம், சிறிய படம்தான். பிரான்ஸை அப்போது பதினைந்தாம் லூயி ஆண்டுகொண்டிருந்தார். சுவர், நாற்காலி, கடிகாரம் என எதிலும் சிப்பியும் கொடியும் சுருண்டு நெளியும் ரொகோகோ பாணியின் காலம் அது. பூஷே போன்றவர்கள் மேகத்தில் மிதக்கும் தேவதைகளை வரைந்து புகழின் உச்சியில் இருந்தார்கள்.

ஷார்தேனின் படத்திலோ ஒரு மேசை, அதன்மேல் ஒரு பிரம்புக் கூடை. கூடையில் கோபுரமாகக் குவித்த சிவந்த பழங்கள். இடப்பக்கம் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், வலப்பக்கம் ஒரு பீச் பழமும் இரண்டு செர்ரிகளும், முன்னால் இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள். அவ்வளவுதான். பழத்துக்குப் பழம் கோடு இழுத்துப் பிரிக்காமல், குவியலை ஒரே சிவப்புத் திரளாக எழுப்பி, ஆங்காங்கே ஒளியைத் தொட்டு வைத்திருக்கிறார். கிட்டே போனால் வண்ணப் பூச்சு. நாலடி தள்ளி நின்றால் பழம்.

பில்லியர்ட்ஸ் மேசை செய்யும் தச்சரின் மகன் ஷார்தேன். பிறந்தது 1699-இல். குடல் தெரியத் தொங்கும் திருக்கை மீனை வரைந்த படம் உள்ளிட்ட ஓவியங்களைக் காட்டி, 1728-இல் அரச ஓவியக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே புராண, வரலாற்று ஓவியங்களுக்கே முதலிடம். பழமும் பாத்திரமும் வரைபவர்களுக்குக் கடைசி வரிசை. ‘விலங்குகள், பழங்கள் வரைபவர்’ என்ற பிரிவில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் கழகத்தின் பொருளாளரானதோடு, சலோனில் எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. முதல் வரிசைக்காரர்களின் படங்களுக்கு இடம் ஒதுக்கியவர் கடைசி வரிசைக்காரர்.

1779-இல் ஷார்தேன் இறந்தபின் ரசனை மாறியது, அவரையும் மறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோன்கூர் சகோதரர்கள் போன்ற எழுத்தாளர்களும், சேகரிப்பாளர்கள் சிலரும் அவரை மீட்டெடுத்தனர். ஸ்ட்ராபெரிக் கூடை அப்படித்தான் ஏதோக்ஸ் மார்சீய் என்ற சேகரிப்பாளரிடம் போய், அவருடைய குடும்பத்திலேயே தங்கியது.

2022 மார்ச்சில் பாரிஸில் ஏலம் விட்டபோது, கட்டணங்களோடு சேர்த்து 2 கோடியே 43 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. எடுத்தது அமெரிக்காவின் கிம்பெல் அருங்காட்சியகத்துக்காக. படம் நாட்டைவிட்டுப் போகக் கூடாதென்று லூவர் அருங்காட்சியகம் முயல, அரசு அதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்து ஏற்றுமதியைத் தடுத்தது. அதன்பின் பணம் திரட்டும் வேலை. பெருந்தொகையை எல்விஎம்ஹெச் நிறுவனம் தந்தது. பொதுமக்கள் சுமார் 10 ஆயிரம் பேர் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள்.

2024-இல் ஓவியம் லூவருக்குச் சொந்தமானது. ஷார்தேன் 1757 முதல் இறக்கும்வரை, 22 ஆண்டுகள் குடியிருந்ததும் அப்போது அரண்மனையாக இருந்த அதே லூவரில்தான்.