கார்னெகி, ஆண்ட்ரூ (1835–1919)

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர், கொடையாளர். ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் நகரில் கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்தார். நீராவித் தறிகளின் வரவால் தந்தையின் பிழைப்பு நொடிந்துபோக, 1848இல் குடும்பம் பென்சில்வேனியாவின் அலிகெனியில் குடியேறியது. அங்கு பஞ்சாலையில் வாரம் 1.20 டாலர் கூலிக்குச் சேர்ந்த சிறுவன், தந்தி அலுவலகத்திலும் ரயில்வேயிலும் உழைத்து உயர்ந்தார். பெசமர் முறையில் எஃகு உருக்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1892இல் அவரது ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிலாளர் போராட்டம் உயிர்ப்பலியுடன் ஒடுக்கப்பட்டது அவர் பெயருக்கு நீங்காத களங்கம். 1901இல் தம் எஃகு நிறுவனத்தை ஜே. பி. மார்கனுக்கு 48 கோடி டாலருக்கு விற்றார்.

கர்னல் ஆண்டர்சன் உழைக்கும் சிறுவர்களுக்குத் திறந்துவிட்ட சொந்த நூலகத்தில் படித்து வளர்ந்தவர், 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு நிதி தந்தார். கட்டடம் அவர் கொடை. நிலமும் ஆண்டுச் செலவும் உள்ளாட்சியின் பொறுப்பு. 1919இல் மறையுமுன் ஏறத்தாழ 35 கோடி டாலர் வழங்கியிருந்தார்.