கோவில்பட்டி நாட்காட்டி ஓவியம்

நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் (மேடைத் திரை) எழுதித் தேர்ந்த ஓவியர்கள், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிவகாசி அச்சாலைகளுக்கு வரைந்து கொடுத்த தெய்வப் படங்களின் மரபு. இதன் தலைமை ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976). கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்த நாட்காட்டிகளில் வெளிவந்த இப்படங்கள், ஆண்டு முடிந்ததும் கண்ணாடிச் சட்டம் போடப்பட்டுப் பூஜையறைச் சுவருக்குப் போயின.

இம்மரபின் வேர் நாடக மேடையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களே எழுதிய திரைகளைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தன என்பது பொதுவான கருத்து. அதற்கு முன்பே இருந்த துணி ஓவிய மரபுகளின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகவில்லை. கன்னையா நாடகக் கம்பெனியின் ‘தசாவதாரம்’ காட்சி ஜோடனைக்காகவே பேசப்பட்டது. 1894இல் ஓவியர் ரவிவர்மா மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப்படங்கள் சீன் ஓவியர்களுக்கு மாதிரியாகப் பயன்பட்டன.

கம்பெனிக்குத் தெரு, தர்பார், தோட்டம், காடு என்று சில படுதாக்கள் கட்டாயம் வேண்டும். பருத்தித் துணியில் பசை பூசிக் காயவைத்து, பொடி வண்ணத்தை வச்சிரப் பசையில் குழைத்துத் தீட்டுவார்கள். தர்பார் சீனில் இரு பக்கமும் தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும். தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சிம்மாசனத்தை நோக்கி ஓடும். கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் தூணின் பளபளப்பு தெரிய வேண்டும். ஆகவே கோடு அழுத்தமாகவும் நிழல் தாராளமாகவும் விழுந்தன. மூங்கிலில் சுருட்டிய இந்தப் படுதாக்கள் கம்பெனியோடு ஊர் ஊராகப் பயணப்பட்டன. 1931இல் பேசும்படம் வந்தபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைய, சீன் ஓவியர்கள் சினிமா அரங்கமைப்புக்கும் விளம்பரப் பலகைக்கும் போட்டோ ஸ்டூடியோவின் பின்திரைக்கும் மாறினர்.

கொண்டைய ராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். இளமையில் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார் என்றும், கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை என்றும் கூறுவர். பின்னர் நாடகக் கம்பெனியில் சீன் எழுதினார். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம், செண்பகராமன் ஆகியோர் அச்சீடர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

பக்கத்திலேயே சிவகாசி. 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் தேவைப்பட, லேபிளுக்காக வந்த லித்தோ எந்திரங்கள் பிறகு நாட்காட்டியும் அச்சிட்டன. 1950களில் கொண்டைய ராஜுவின் படங்கள் அவற்றில் அச்சாகிப் பரவின. ‘மீனாட்சி கல்யாணம்’ அவரது முதல் நாட்காட்டிப் படம் என்று சொல்லப்படுகிறது.

அவர் தெய்வங்கள் மேடையில் நிற்கிறார்கள். வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. நடிகர் சபையைப் பார்ப்பதுபோல் நேராக நம்மைப் பார்க்கிறார். பின்னால் மலையும் அருவியும் தட்டையான படுதாவாக விரிகின்றன. முன்னால் நகையின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே மின்னுகிறது. வழிபடுபவரின் கண்ணைச் சந்திக்க இந்த மேடைப் பார்வை மிகவும் பொருந்தியது. இப்படங்கள் இத்தனை வீடுகளில் நிலைத்ததற்கு இதுவே முதற்காரணம் எனத் தோன்றுகிறது.

பல படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே காணப்படும். முகம் யார் கை, பின்னணி யார் கை என்று பிரிப்பது எளிதன்று; ஆய்வாளர்களில் சிலர் இவற்றைத் தனியொருவர் படைப்பாக அல்லாமல் பட்டறைப் படைப்பாகவே கொள்கின்றனர். கனடிய மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் 1995இல் வெளியான கட்டுரையில் கொண்டைய ராஜுவை நவீன கால மேதையாகக் கண்டார்.

லித்தோ அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே கையால் அச்சுப்பரப்பு அமைக்க வேண்டியிருந்தது. ஆப்செட் வந்தபின் அந்தக் கைவேலை மறைந்தது. கணினி வரைகலை ஓவியரின் தேவையையே குறைத்தது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கான ஆல்பங்களை வெளியிடும் வழக்கம் சிவகாசியில் தொடர்கிறது. பழைய கோவில்பட்டிப் படங்கள் சில, நிறமும் பின்னணியும் மாற்றப்பட்டு இன்னும் அச்சாகின்றன.